"எதற்கு?" என்று கேட்டு விற்போம்

சுபஹ் தொழுகை முடிந்த கையோடு கல்லடிப் பாலத்திலும் வாவிக்கரை வீதிகளிலும் கடற்கரையிலும் நடைப்பயிற்சி செய்வோரை இப்போது தாராளமாகக் காணலாம். நீரிழிவுக்காக டொக்டர் நடக்கச் சொன்னவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். மாலையானால் மைதானங்களில் உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம். வருட ஆரம்பத்தில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி. இவர்கள் எல்லோரும் சப்பாத்து வாங்க வருவது காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிக் கடைகளுக்குத்தான்.

வாடிக்கையாளர் "என்ன விலை?" என்கிறார். நாம் "என்ன சைஸ்?" என்கிறோம். "எதற்கு?" என்ற கேள்வியை இரு தரப்பும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி விடுபடுவதால் வாடிக்கையாளரின் காலுக்கும் நமது வியாபாரத்துக்கும் நட்டம் என்பதே எனது கருத்து.

ஓடுபவரின் கால் ஒவ்வொரு முறை தரையில் பதியும்போதும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் அதில் இறங்குகிறது. ஆகவே ஓட்டச் சப்பாத்துக்குக் குதியில் மெத்தை வேண்டும். சுமார் 500 முதல் 800 கிலோமீற்றர் ஓடியதும், மேற்பக்கம் புதிதாகத் தெரிந்தாலும் அந்த மெத்தை செத்துவிடும். நடப்பவருக்கு அவ்வளவு மெத்தை தேவையில்லை. விரல்கள் மடியும் இடத்தில் அடி நன்றாக வளைய வேண்டும், குதியைச் சுற்றி உறுதி வேண்டும். பூப்பந்து, கரப்பந்து ஆடுபவர் பக்கவாட்டில் பாய்கிறார். அவருக்கு உயரமான குதியுள்ள ஓட்டச் சப்பாத்தைக் கொடுத்தால் கணுக்கால் பிரளும். தாழ்வான, தட்டையான, தரையைப் பிடிக்கும் றப்பர் அடியே அவருக்குப் பொருத்தம். காய்ந்து இறுகிய மைதானத்தில் உதைபந்து ஆடும் பையனுக்கு நீளமான ஆணி வைத்த பூட்ஸ் ஆபத்து. குட்டையான, நெருக்கமான குமிழ்களே நல்லது. ஜிம்மில் பாரம் தூக்குபவருக்கு மெத்தையே இடைஞ்சல்.

"ஒரு சோடிக்கே பணம் இல்லை, வகைக்கு ஒன்று வாங்குவார்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓட்டச் சப்பாத்தில் தாராளமாக நடக்கலாம், அதற்கு இரண்டு சோடி தேவையில்லை. பக்கவாட்டில் பாயும் விளையாட்டுக்கு மட்டும் அது உதவாது. இதைச் சொல்லிக் கொடுத்தால், ஒரே சோடி வாங்குபவரும் சரியானதை வாங்கிப் போவார்.

நீரிழிவு உள்ளவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். பாத உணர்ச்சி குறைந்தவருக்குச் சப்பாத்து கடிப்பது தெரியாது. சிறு கொப்புளம் ஆறாத புண்ணாகி, விரலை எடுக்கும் நிலைக்கும் போகலாம். முன்பக்கம் அகலமானதாக, உள்ளே தையல் உறுத்தாததாக எடுத்துக் கொடுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பின்னேரத்தில் கால் சற்று வீங்கும் என்பதால் அந்நேரம் வந்து, காலுறையோடு இரு காலிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நம் மனச்சாட்சியைத் தொடும் விடயம். 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, தேங்கிய சரக்கைத் தள்ளிவிட நாம் பட்ட அவதி நமக்குத்தான் தெரியும். ஆனால் சப்பாத்து அரிசியைப் போன்றது, வைத்திருந்தால் கெடும். பொலியூரித்தேன் அடி காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பெட்டிக்குள் இருந்தபடியே சில வருடங்களில் உளுத்துப் போகும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள நமது ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பளபளப்பாகப் பெட்டியில் போனது, ஒரே வாரத்தில் அடி கழன்று திரும்பி வருகிறது.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் நாம் அறிந்ததே. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் காணும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்பதுதான் நபியவர்களின் கேள்வி. உளுத்த அடியைப் பளபளப்பான பெட்டியில் வைத்து விற்பவருக்கும் அதே கேள்விதான்.

பழைய சரக்கை முதலில் விற்றுத் தீருங்கள். விற்குமுன் அடியை வளைத்து, விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பிரபல கம்பனியின் பெயர் பொறித்த போலியை அசல் என்று விற்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும், அதே ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதைத் தடுக்கின்றன. விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று பலகை தொங்கவிடுவோர், மறைந்திருந்த குறைக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஷரீஅத் வாங்குபவருக்கு வழங்கியிருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உண்மை சொன்னால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் நமக்கு உண்டு. சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் கால் நோகாமல் நடப்பவர் காலையில் கூட நடக்கும் நாலு பேரிடம் நமது கடையின் பெயரைச் சொல்வார். காசு கொடுத்துப் போடும் எந்த விளம்பரமும் அதற்கு ஈடாகாது. பரகத் வரும் வழியும் அதுதான், இன்ஷா அல்லாஹ்.