தேறியவர் கணக்கு சரி. காணாமற்போனவர் கணக்கு எங்கே?

ஆண்டுதோறும் மே மாதம் பரீட்சை முடிவு வெளிவருகிறது. வந்த அன்றே சதவிகிதக் கூத்தும் ஆரம்பமாகிவிடுகிறது. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, புதுக்கோட்டை ஏறிற்றா, இறங்கிற்றா என்று பட்டியல் போடுகிறார்கள். மறுநாளே சில கனவான்கள் தீர்ப்பும் கூறிவிடுகிறார்கள்: "சர்க்கார் பள்ளிக்கூடம் உருப்படாது. வாத்தியார் சரியில்லை. கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. தனியாரிடம் விட்டால்தான் விமோசனம்."

தோழர்களே, இந்தத் தீர்ப்பை நம்பிக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கி, பிள்ளையை இங்கிலீஷ் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை! ஆகவே இதை அலட்சியமாக விட்டுவிட முடியாது.

2024 மார்ச்சில் நடந்த பிளஸ் டூ பரீட்சையில் தமிழகத்து அரசுப் பள்ளிகளில் 91.02 சதம் பேர் தேறினார்கள். தனியார் சுயநிதிப் பள்ளிகளில் 98.70 சதம். இடைவெளி இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு பெஞ்சுகளிலும் உட்கார்ந்திருப்பவர் யார் யார் என்று கேட்டால் மட்டும் கனவான்களுக்குக் காது கேட்பதில்லை.

நாம் சொல்லுகிறோம். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் 16,18,345 பேர். ஐந்தில் நாலு பேர் கிராமத்தார். ஆறில் ஒருவருக்கு மேல் தாழ்த்தப்பட்ட ஜாதிகளில் பிறந்தவர். பெண்களில் ஏறக்குறையப் பத்தில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மழை பெய்தால் கண்மாய்ப் பாசனம், பொய்த்தால் திருப்பூர் பஸ் என்று வாழும் சீமை இது. கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ கடலுக்குப் போன தகப்பன் இலங்கைச் சிறையில் கிடந்தால், மகன் புத்தகத்தை எடுப்பானா, வலையை எடுப்பானா? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்களே, அந்தத் தண்ணீரால் நோயில் விழுந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைக்கும், நகரத்தில் மூன்று டியூஷனுக்குப் போய்வரும் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள். வித்தியாசம் ஏழரைப் பங்குதான் என்றால், அரசுப் பள்ளி வாத்தியாருக்கு மாலை போட வேண்டும்!

அந்த வாத்தியாருக்கு என்ன கொடுக்கிறார்கள்? 2022-ல் 13,331 காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த அரசு உத்தரவு போட்டது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. பிஸிக்ஸ் நடத்துகிறவருக்குப் பஞ்சாலைத் தொழிலாளியின் கூலிகூட இல்லை. மத்திய அரசோ, தான் சொல்லும் பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ல் தமிழகத்துக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. காலை ஒடித்துவிட்டு ஓட்டப் பந்தயத்தில் நொண்டுகிறான் என்று சிரிக்கிற நியாயம்!

இதைவிடப் பெரிய மோசடி ஒன்று உண்டு. அதைப் பற்றி எந்தப் பட்டியலிலும் ஒரு வரி கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் நூறு பிள்ளைகள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ பரீட்சை மண்டபத்துக்கு எண்பது பேர் வந்தார்கள். எழுபத்தாறு பேர் தேறினார்கள். தேர்ச்சி 95 சதம்! பள்ளிக்குப் பாராட்டு, தலைமை ஆசிரியருக்குச் சால்வை. தவறிய நாலு பேரைப் பற்றி விசாரணை நடக்கும். வராமலே போன இருபது பேர்? அவர்கள் சதவிகிதத்துக்குள்ளேயே வரமாட்டார்கள்.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் 2023 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை அன்று மாநிலம் முழுவதும் ஐம்பதாயிரம் பேர் அளவில் வரவில்லை. கொரோனாக் காலத்தில் படிப்பை விட்டு வேலைக்குப் போனவர்களின் பெயரும் பட்டியலில் இருந்தது என்பது பிறகு வெளிவந்தது. மே மாதத்தில் 94.03 சதம் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். எழுதியவர்களில் 94.03! எழுத வராதவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

தனியார் பள்ளியில் இந்த வித்தை இன்னும் சுலபம். தேறமாட்டான் என்று தோன்றுகிற பையனுக்கு ஒன்பதாவதிலேயே டி.சி. கிழித்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அவன் வந்து சேருமிடம் அரசுப் பள்ளி. அவன் தவறினால் அதுவும் அரசுப் பள்ளி கணக்கில்.

காணாமற்போனவர்கள் எங்கே என்று பஞ்சாலைத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருஷம் ஆஸ்டலில் அடைபட்டு ஸ்பின்னிங்கில் நின்றால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று 'சுமங்கலித் திட்டம்' பேசிப் புரோக்கர்கள் அள்ளிக்கொண்டு போனது இம்மாதிரி மானாவாரிச் சீமைகளின் பெண்களைத்தானே! 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு, பக்கத்துத் தஞ்சை மாவட்டத்தில் கடனுக்காக ஆட்டுக் கிடைக்கு அடகு போன சிறுவனின் கதையும் வெளிவந்தது. ஆண் பிள்ளைகள் தேர்ச்சியில் பின்தங்குவது ஏன் என்று கல்விமான்கள் ஆராய்கிறார்கள். 2024-ல் பெண்கள் 96.44, ஆண்கள் 92.37. பனியன் கம்பெனி ஷிப்டு மணியிலும் ஆராய்ந்து பார்க்கட்டும்.

புதுக்கோட்டைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது சமஸ்தானக் காலத்துப் பேச்சு. முத்துலட்சுமி இங்கே மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது, பெண் என்றும் இன்ன குலத்தில் பிறந்தவள் என்றும் எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னரே தலையிட வேண்டியிருந்தது. 1912-ல் அவர் டாக்டரானார். 1953-ல் ராஜாஜி, பிள்ளைகள் அரை நாள் படித்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். ஜனங்கள் கிளர்ந்தெழ, மறு வருஷமே அந்தத் திட்டம் குழிக்குள் போயிற்று. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது இதே மாவட்டத்துக் கல்லுடைக்கும் பெண்கள், வயற்காட்டுப் பெண்கள், வேலை முடிந்து விளக்கடியில் அ, ஆ எழுதினார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். 2020-ல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதம் இடம் ஒதுக்கியதும் என்ன நடந்தது? அதற்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே போன இடத்துக்கு, முதல் வருஷமே மாநிலத்தில் முந்நூறு பேருக்கு மேல் போனார்கள். கஜா புரட்டிப்போட்ட வட்டாரத்தில் இருக்கிற கீரமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலிருந்தும் மாணவிகள் போனார்கள். வாசலைத் திறந்ததும் படிப்பு ஏறிவிட்டதே, அது எப்படி ஐயா?

நாம் கேட்பது இதுதான். தேர்ச்சியை எழுதியவர் தொகையிலிருந்து கணக்கிடாதே. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர் தொகையிலிருந்து கணக்கிட்டு, பள்ளிவாரியாக வெளியிடு. காலியிடங்களை முழுச் சம்பளத்தில் நிரப்பு. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது; பதினொன்றாவதில் ஏறியதும் பிள்ளைக்குப் பசி நின்றுவிடுமா? பிளஸ் டூ வரை போடு.

இதற்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; அதில் பெரும்பாலோர் பெற்றோர். களை எடுக்கப் போகும் தாய்க்கும் அங்கே நாற்காலி உண்டு. அடுத்த கூட்டத்தில் மூன்று வருஷத்துக்கு முந்திய ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். பரீட்சைக்கு வராத ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் போன ஊர், பார்க்கும் வேலை, வாங்கும் கூலி எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று முதன்மைக் கல்வி அலுவலருக்கு. மற்றொன்றை நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.