பல வாய்களுக்கு ஒரே சுவாசக் கருவி

அந்தமானின் ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு), கோவா, கர்நாடகத்தின் நேத்ராணி ஆகிய இடங்களில் ஸ்கூபா முறையில் கடலில் மூழ்குவது சுற்றுலாவின் அங்கமாகிவிட்டது. முதன்முறை மூழ்குவோர் பெரும்பாலும் வாடகைக் கருவியையே நம்பியிருக்கின்றனர். ஒருவர் பற்களால் கவ்விச் சுவாசித்த ரெகுலேட்டர், சிறிது நேரத்தில் இன்னொருவர் வாய்க்குச் செல்கிறது. அதை வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது மட்டும் சுத்தமாகாது. பலரது கருவிகள் முக்கப்படும் வாளியே தொற்றைப் பரப்பக்கூடும்.

எச்சில்வழி நோய் பரவும் ஆபத்தை 2020-ஆம் ஆண்டின் கரோனா பரவல் நன்கு உணர்த்தியது. அந்தப் பாடம் மறக்கப்படலாகாது.

செய்ய வேண்டியது எளிது. முதலில் கருவியைக் கழுவி அழுக்கை அகற்ற வேண்டும். அழுக்கு கிருமிநாசினியின் வீரியத்தைக் குறைத்துவிடும். பின்னர், கருவித் தயாரிப்பாளர் ஏற்கும் கிருமிநாசினியில், அதன் புட்டியில் குறித்துள்ள அளவிலும் நேரத்திலும் ஊற வைக்க வேண்டும். இறுதியாக நன்னீரில் அலசி உலர்த்த வேண்டும். காற்று உருளையில் பொருத்தும் பகுதியின் மூடி இறுக மூடியிருப்பதும், ஊறும்போது பர்ஜ் பொத்தானை அழுத்தாதிருப்பதும் அவசியம். உள்ளே நீர் புகுந்தால் கருவி பழுதடையும்; கடலடியில் அது உயிருக்கே உலையாகும்.

இதற்கு ஆகும் செலவு சொற்பம், தேவைப்படுவது நேரமே. கூட்டம் மிகுந்த நாள்களில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. எனவே, மாற்றுக் கருவிகள் வைத்திருப்பதையும் கிருமிநீக்கப் பதிவேட்டையும் உரிம நிபந்தனையாக்க வேண்டும். தில்லியில் சுற்றுலா அமைச்சகமும், கடலோர மாநில, யூனியன் பிரதேச நிர்வாகங்களும் இதில் தாமதிக்கலாகாது.