ஊருக்கு ஒரு சுடுகாடு போதாதா? நாராயணபுரம் எழுப்பிய கேள்வி

உலகம் முழுக்க ஷூ அனுப்பும் ஆம்பூர் – வாணியம்பாடி பகுதியில்தான் இது நடந்தது. 2019 ஆகஸ்ட் 17, நாராயணபுரம். இறந்துபோன தலித் ஒருவரின் உடலை, சுமார் 20 அடி உயரப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள் உறவினர்கள். காரணம், மற்ற சாதியினரின் நிலம் வழியாகப் போக முடியவில்லை.

வீடியோ பரவியதும் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதிகாரிகள் அந்த மக்களுக்குத் தனியாக அரை ஏக்கர் ஒதுக்கினார்கள். பிரச்சினை தீர்ந்ததா?

நீதிபதிகள் கேட்டது வேறு: மருத்துவமனை போன்றவை எல்லாம் பொதுவாக இருக்கும்போது, ஆதிதிராவிடருக்கு மட்டும் தனிச் சுடுகாடு எதற்கு?

"காலங்காலமா இப்படித்தானே" என்ற பதில் சட்டத்தின் முன் நிற்காது. அடிப்படை உரிமைக்கு முரணான வழக்கம் செல்லாது என்கிறது அரசியலமைப்பின் 13-வது பிரிவு. தீண்டாமையின் பெயரால் சுடுகாட்டையோ பாதையையோ மறுப்பது 1955 முதலே குற்றம்.

தனி இடம் கொடுத்தால் பாதைச் சிக்கல் தீரும். பிரித்துவைக்கும் வழக்கம் அப்படியே இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போனால் வீட்டில் கேட்டுப் பாருங்கள்: நம்ம ஊர்ல சுடுகாடு எத்தனை? ஏன்?