பச்சை மாத்திரைக்குள் எந்த ஏரி?

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் தேர்வுகள் நெருங்கும்போது டிக்டாக்கில் பச்சை மாத்திரைகள் பெருகிவிடுகின்றன. ஸ்பைருலினா, குளோரெல்லா, ஏரிப் பாசி எனப் பல பெயர்கள். ஞாபகசக்தி கூடுமாம், சோர்வு பறந்துவிடுமாம். பக்கவிளைவே கிடையாதாம், ஏனென்றால் அது "இயற்கை". இந்தக் கடைசிச் சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாசி என்று நாம் அழைக்கும் ஸ்பைருலினா உண்மையில் ஒரு பாக்டீரியா. அது நஞ்சு சுரப்பதாகத் தெரியவில்லை. சிக்கல் அதன் உறவினர்களிடம் இருக்கிறது. திறந்த நீர்நிலைகளில் வளரும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம், கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சைச் சுரக்கிறது. காய்ந்து தூளானபின் இரண்டும் ஒரே பச்சைதான். கொதிக்க வைத்தாலும் இந்த நச்சு அழியாது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்தது இதற்குச் சான்று. அங்குள்ள அப்பர் கிளாமத் ஏரியில் இயற்கையாக வளரும் நீலப்பச்சைப் பாசியை அள்ளி, உலர்த்தி, ஊட்டச்சத்தாக விற்றார்கள். கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்குக்கூடப் பெற்றோர் கொடுத்தார்கள். 1996இல் அந்த ஏரியில் மைக்ரோசிஸ்டிஸ் மண்டியது. மறு ஆண்டே, ஒரு கிராம் பாசியில் 1 மைக்ரோகிராம் நச்சுக்கு மேல் இருக்கக்கூடாது என்று மாநில அரசு வரம்பு விதித்தது. பின்னர் 87 மாதிரிகளைச் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 85 மாதிரிகளில் நச்சு இருந்தது. 63 மாதிரிகள் வரம்பைத் தாண்டியிருந்தன.

அந்த வரம்பு, 60 கிலோ எடையுள்ள பெரியவர் நாளுக்கு 2 கிராம் உண்பார் என்ற கணக்கில் போடப்பட்டது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளில் 0.04 மைக்ரோகிராம் வரை தாங்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அப்படியானால் 60 கிலோவுக்கு 2.4; 25 கிலோ எடையுள்ள உங்கள் தம்பிக்கு 1 மட்டுமே. வரம்புக்குட்பட்ட பாசியையே அவன் 2 கிராம் தின்றாலும் இரு மடங்காகிவிடும்.

சைவ உணவு உண்பவர்கள் பி12 சத்துக்காக ஸ்பைருலினாவை நம்புவதுண்டு. அதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். வார்ஃபரின் மருந்து உண்ணும் தாத்தா பாட்டிக்குக் குளோரெல்லாவும் ஆகாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். கெல்ப் கடற்பாசி மாத்திரையில் அயோடின் மிகுந்தால் தைராய்டு பாதிக்கப்படும்.

மலேசியாவில் பதிவு பெற்ற ஊட்டச்சத்து மாத்திரைப் புட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'என்' என்ற எழுத்தில் முடியும் எண் இருக்கும். என்பிஆர்ஏ இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். சிங்கப்பூரில் இவற்றுக்கு விற்பனைக்கு முந்தைய அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. எங்கு வாங்கினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த நீரில் வளர்ந்தது? மைக்ரோசிஸ்டின் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா? விற்பவர் விழித்தால் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே உண்பவர்கள், கண் மஞ்சளாகவோ சிறுநீர் கருத்தோ போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். "என்ன மருந்து சாப்பிடுகிறாய்?" என்று அவர் கேட்டால், "ஒன்றுமில்லை டாக்டர்" என்பதுதானே நம் வழக்கம்!