தாயை வெளியே நிறுத்தாதீர்கள்

எடை குறைந்து பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக இருந்தால்தான் பிழைக்கும். பெற்றவளே தொட்டாலும் தொற்று வந்துவிடும். இப்படிப் பாட்டிகளும் சொல்கிறார்கள், வெள்ளை அங்கி அணிந்தவர்களும் சொல்கிறார்கள். அக்கறையில் பிறந்த நம்பிக்கைதான். ஆனாலும் தவறு, உயிரைக் காவு வாங்கும் தவறு.

கிருமியே அண்டாத குழந்தை உலகில் இல்லை. பிறந்த கையோடு தோலிலும் குடலிலும் நுண்ணுயிரிகள் குடியேறத் தொடங்கிவிடுகின்றன. யாருடைய நுண்ணுயிரிகள் என்பதே கேள்வி. தாயை விலக்கி வைத்தால் அந்த இடத்தை மருத்துவமனைக் கிருமிகள் பிடித்துக்கொள்ளும். தில்லியின் மூன்று மருத்துவமனைகளில் பிறந்த 13,530 குழந்தைகளைக் கண்காணித்த ஆய்வு 2016இல் வெளியானது. ரத்தத் தொற்றுக்குக் காரணமானவற்றில் முன்னணியில் இருந்தவை அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். பெரும்பாலானவை பல மருந்துகளுக்கு அடங்காதவை. அம்மாவின் மார்பைக் கண்டு அஞ்சுகிறவர்கள் அஞ்ச வேண்டியது இவற்றைக் கண்டு.

தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைகள் உண்டு. அவை குடலில் வளர வேண்டிய பிஃபிடோபாக்டீரியாவுக்கான உணவு. தாய் எதிர்கொள்ளும் கிருமிகளுக்கு எதிரான புரதங்களும் பால்வழியே பிள்ளைக்குச் சேர்கின்றன. அவள் வார்டுக்குள் இருந்தால்தானே அங்குள்ள கிருமிகளை அவள் உடல் அறியும்?

கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்தவர்களை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தாயின் மார்போடு அணைத்து வைத்தார்கள். தாய்க்கு முடியாத நேரத்தில் உறவினர் அணைத்தார். வழக்கமான கவனிப்பில் 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம், அணைப்பில் இருந்தவர்களில் 12 சதவீதம். ரத்தத் தொற்றும் குறைந்தது. இந்தப் பலனில் உடற்சூட்டுக்கும் பாலுக்கும் பங்கு உண்டு. ஆனால் ‘தொட்டால் தொற்று’ என்ற வாதம் அதன்பின் நிற்காது.

நல்ல நுண்ணுயிரிகளைச் சேர்ப்பதாக எண்ணி, தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைப் பஞ்சில் தோய்த்துக் குழந்தைமேல் பூசுவதற்கும், அந்த நுண்ணுயிரிகள் அடங்கிய தயாரிப்புகளைப் பெற்றோர் தாமாக வாங்கிக் கொடுப்பதற்கும் நான் வாதாடவில்லை. அவை ஆபத்தாகலாம். 2023இல் அமெரிக்காவில் நுண்ணுயிரிகள் அடங்கிய அத்தகைய தயாரிப்பு கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தை ஒன்று, அதிலிருந்த நுண்ணுயிரியே ரத்தத்தில் பரவி இறந்தது. கை கழுவுவதிலும் தளர்வு கூடாது. காய்ச்சலோ சருமத் தொற்றோ உள்ளவர்களை மருத்துவர் பார்த்துத்தான் அனுமதிக்க வேண்டும்.

நல்ல நுண்ணுயிரிகளைச் சேர்க்கப் புதுக் கருவி வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கு ஒரு கட்டில் போடுங்கள், அப்பாவையும் அனுமதியுங்கள். பார்வை நேரம் என்ற விதி விருந்தாளிகளுக்கு உரியது, பெற்றோருக்கு அல்ல.