போனில் எரியும் விளக்கு

போனைத் தட்டினால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும் என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போவார். "நெட் போயிட்டா என்னங்க பண்றது?" என்று கேளுங்கள், சகோதரிகளே! சுவரிலுள்ள சுவிட்சைக் கையால் போட்டாலும் எரிய வேண்டும். என் மாமியாருக்கு வயது 78. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் போனையா தேடிக்கொண்டிருப்பார்? இதற்காகவே இரண்டு கம்பெனிச் சரக்கை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் ஒயர் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஸ்மார்ட் சுவிட்சுகள் அது இல்லாமல் வேலை செய்யாது. பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. புது வீடென்றால் பூச்சுக்கு முன்பே இழுத்துவிடுங்கள், பிறகு சுவரை உடைக்க வேண்டாம்.

2000 வாட் கீஸர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் செருகினால் சூடேறி உருகிவிடலாம். 16 ஆம்பியர்தான் வாங்க வேண்டும். விலை கொஞ்சம் கூடத்தான், பரவாயில்லை.