நாற்றங்காலின் உடைமையாளர் யார்?

பெங்களூருவின் கூட்டுப் பணியிடங்களைத் தொழில்முனைவின் நாற்றங்கால் என்கிறார்கள். அதன் உடைமையாளர் யார்? வீவொர்க் இந்தியாவின் பின்னே நிற்பது எம்பசி எனும் நிலவணிகக் குழுமம். புதுநிறுவனம் இலாபம் காணுமுன்பே வாடகை தொடங்கிவிடுகிறது. அச்சுமை உழைப்போர் தலையில் இறங்குகிறது.

விடுப்பு, பணிநீக்கம் முதலியவற்றை நெறிப்படுத்தும் நிலையாணைச் சட்டத்திலிருந்து இத்தகைய நிறுவனங்களுக்கு அளித்த விலக்கைக் கர்நாடகக் காங்கிரஸ் அரசு 2024இல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைப்படுத்திய தொழிலுறவுத் தொகுப்போ, 300க்குக் குறைவான தொழிலாளர் கொண்ட ஆலைகளுக்கும் நிலையாணை தேவையில்லை என்றாக்கிவிட்டது. பெங்களூருவில் விலக்காகத் தொடங்கியது, நஞ்சன்கூடு தொழிற்பேட்டையின் சிறு ஆலைகளில் விதியாகிவிட்டது.

குறைந்த வாடகையில் அரசே பணியிடம் அமைக்கட்டும். நிலையாணையை ஏற்கும் நிறுவனத்துக்கு மட்டும் அதைத் தரட்டும். கணினித் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ஒன்றுபட்டு இதைக் கோர வேண்டும்.